பலகைக்கு வராதவர்கள்

ஷரீஃபுன்னிசா என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு மையத்து வீட்டில், அதாவது சாவு வீட்டில்தான். தாராவியில் எங்கள் சந்து முனையில் தோல் மண்டி வைத்திருந்த அப்துல் வாஹிதின் உம்மா ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் மவுத்தாகிப்போனார்கள். ஜும்ஆ தொழுகைக்குள் குளிப்பாட்டி கஃபன் துணி உடுத்திவிட வேண்டும் என்று ஆண்கள் வெளியே நிற்கிறார்கள். பெண் மையத்தைக் குளிப்பாட்டுகிற கிழவியோ, பேத்தியின் பேறுகாலத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். வீடு நிறையப் பெண்கள். ஓதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அழத் தெரிந்தவர்கள் அதைவிட அதிகம் இருந்தார்கள், மையத்தைத் தொடத்தான் ஒருத்தி இல்லை. அப்போது ஒருத்தி சொன்னாள்:

"ரவூபு பொண்டாட்டி ஷரீஃபுன்னிசா இருக்காள்லா, ஊர்ல அவ உம்மாவ அவளேதான் குளிப்பாட்டுனாளாம். அவளக் கூப்புடுங்கட்டி."

அந்த அப்துல் ரவூப் வேறு யாருமில்லை, என் வாப்பாவின் தம்பி மகன். மேலப்பாளையத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு சுவருக்காக வாப்பாவும் அவர் தம்பியும் பேச்சை விட்டார்கள். பம்பாய்க்கு வந்து ஒரே வட்டாரத்தில் பிழைத்தும் அந்தச் சுவர் கூடவே வந்துவிட்டது. ரவூபின் கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தம்பி முறை, ஆனால் அவன் பெண்டாட்டியின் பேரை ஊராள் வாயால்தான் கேட்டேன்.

வந்தவள் சின்னப்பெண். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகத் தண்ணீர் அண்டாவில் கையை விட்டாள்.

"யாரு இவ்வளவு சூடா வச்சது? மையத்துதான, ஒறைக்காதுன்னு நெனச்சியளா?" என்று கேட்டுக்கொண்டே பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினாள். "ஊத்திக் குடுக்க ஒரு ஆளு வேணும்."

யாரும் அசையவில்லை. நான் எழுந்து போனேன். அன்றைக்குப் பிடித்த செம்பை அதன்பிறகு நான் வைக்கவில்லை. பலகையில் மையத்தைக் கிடத்தி அவள் குளிப்பாட்டுவாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். அந்த வட்டாரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் மவுத்தானால் எங்கள் இரண்டு பேருக்கும்தான் ஆள் வரும். ஆண்கள் விட்ட பேச்சு அப்படித்தான் மறுபடி ஒட்டியது. முதல் நாள் நான் வாயைத் திறக்காமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் தலை நிமிராமலே சொன்னாள்: "மைனி, மையத்துதான் பேசாது. நீங்க எதுக்குப் பேசாம இருக்கிய?" சிரிக்கக்கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வேலைக்கு ஒரு கட்டு உண்டு. துணியைப் போர்த்தி, துணிக்கு அடியில் கைவிட்டுத்தான் கழுவ வேண்டும். எவ்வளவு மறைத்தாலும் குளிப்பாட்டுகிறவள் கண்ணுக்குச் சிலது தெரியத்தான் செய்யும். தழும்பு தெரியும், புண் தெரியும், புருசன் அடித்த அடி தெரியும். பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. அது அமானிதம். இறந்தவள் நம்மை நம்பி ஒப்படைத்தது. வெளியே வந்ததும் யாராவது "மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள். ஷரீஃபா எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "அழகா இருந்தாவ." அதற்குமேல் ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

இதைச் சொல்லிவைத்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

நோய் வந்தது இடுப்பு வலியாக. ரவூப் வீட்டிலேயே தோல் பர்ஸ் செய்கிறவன். அவள் உட்கார்ந்து உள்துணி ஒட்டிக் கொடுப்பாள். குனிந்தே இருப்பதால் வலி என்று தைலம் தேய்த்துக் காலம் தள்ளினாள். சயான் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோதுதான் எலும்பில் பொத்தல் இருப்பது தெரிந்தது. அப்புறம் தேடினால், புற்றின் மூலம் மாரில் இருக்கிறது. கட்டி இருந்தது அவளுக்கும் தெரியும். வலிக்காததால் விட்டுவிட்டாள். பரேலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பரவிவிட்டதால் இனி அறுவையில் பயனில்லை, மாத்திரையில் அடக்கி வைக்கலாம் என்றார்கள். தினம் மாத்திரை, மாதம் ஒருமுறை எலும்புக்கு ஊசி. அது நன்றாகவே பிடித்தது. ஓரிரு மாதத்தில் எழுந்து நடந்தாள். வருசங்கள் ஓடின. மறுபடி பலகைக்கு வந்தாள், மறுபடி குனிந்து கழுவினாள். சந்தில் பாதிப்பேருக்கு அவள் நோயாளி என்பதே மறந்துபோனது.

போன மழைக்காலம் முடியும்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றாள். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைக் கேட்க அவளும், மகள் ஷைஸ்தாவும், நானும் உள்ளே போனோம்; கூட வந்த ரவூப் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் ஒரு மராத்திப் பெண். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார். ஷைஸ்தா காலேஜ் படித்தவள், தேவ்நாரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. டாக்டர் அவளிடம் இங்கிலீஷில் பேசினார். பேசப்பேச ஷைஸ்தாவின் முகம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. முடித்ததும் உம்மா பக்கம் திரும்பி, "கொஞ்சம் கூடியிருக்காம். மருந்த மாத்துனா சரியாயிரும்னு சொல்லுதாங்க" என்றாள்.

ஷரீஃபா மகளைப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் பேசுனதுக்கு இம்புட்டுத்தான் அர்த்தமா?" என்றாள். அப்புறம் டாக்டரிடம், "மேடம், பேட்டி கோ நஹி, முஜே போலோ" என்றாள். மகளுக்கு வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள் என்று.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இந்தியில் சொன்னார். அந்த இந்தி எனக்கும் விளங்கியது.

நோய் ஈரலுக்குப் போய்விட்டது. பழைய மாத்திரை இனிக் கேட்காது. வேரோடு போகிற நோய் இல்லை, பிடித்து நிறுத்தப் பார்க்கலாம். எவ்வளவு காலம் நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. நிறுத்த வழிகள் இருக்கின்றன. ஒன்று, வாராவாரம் டிரிப், நரம்பில் ஏற்றுகிற கீமோ. வேகமாக வேலை செய்யும். முடி கொட்டும், விரல் நுனி மரத்துப்போகலாம், அசதி இருக்கும். இன்னொன்று, வீட்டிலிருந்தே விழுங்குகிற கீமோ மாத்திரை. முடி போகாது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம், வயிறு போகும். இடுப்பில் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது, அது உடம்பை அதிகம் படுத்தாது, ஆனால் ஈரல் கெடுகிற வேகத்துக்கு அது போதாது. எதுவும் வேண்டாம் என்றால் வலியையும் வாந்தியையும் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. எந்த வழியில் போனாலும் அவர்களும் கூட இருப்பார்கள்.

"நீங்க எத எடுப்பீங்க?" என்று ஷரீஃபா கேட்டாள்.

"டிரிப்" என்றார் டாக்டர். "மாத்திரை தப்பில்லை. ஆனால் அது மெதுவாகப் பிடித்து, அதற்குள் ஈரல் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ஈரல் கெடுவதால் ரத்தத்தில் மஞ்சள் காமாலை அளவு ஏறிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கூடிவிட்டால் அப்புறம் டிரிப் வேண்டுமென்று நீங்கள் கேட்டாலும் நான் கொடுக்க முடியாமல் போகலாம். அடுத்த வாரம் வாருங்கள், அதற்குள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்."

"டிரிப் வேண்டாம்" என்றாள் ஷரீஃபா. யோசிக்கவே இல்லை.

சயானில் ரயிலை விட்டு இறங்கி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் ஷைஸ்தா ஆரம்பித்தாள்.

"ஏன்மா வேணாங்கிய? முடி கொட்டும்னா?"

"முப்பது வருசமா முக்காட்டுக்குள்ள கெடக்க முடி. இருந்தா யாருக்கு, போனா யாருக்கு?"

"பின்ன? தினம் பரேலுக்கு அலையணும்னா? வாரத்துக்கு ஒரு நாளுதான். நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"நீ லீவு போட்டா ஒன் மாமியா என்னத் திட்டுவா."

"விளையாடாதம்மா. பதில் சொல்லு."

"மாத்திர எடுக்கேன். இல்லன்னா அந்த இடுப்பு ஊசி. டிரிப் வேணாம்னா வேணாம்."

ரவூப் வந்ததும் தோல் வெட்டுகிற கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அவ இஷ்டத்துக்கு விடும்மா. மாத்திரையும் மருந்துதான, வீட்டோட கெடப்பா" என்றான். மகள் அவன்மேல் பாய்ந்தாள்: "வாப்பா, டாக்டரு என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? உள்ள வந்தியளா நீங்க? வெளிய பெஞ்சுல உக்காந்துகிட்டு!" அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே வந்தால் கேட்க வேண்டியிருக்கும் என்றுதான் அவன் வெளியே இருந்தான். அது எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம் பூராவும் அந்த வீட்டில் பேச்சே சண்டைதான். சந்தில் செய்தி கசிந்து ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி பச்சைப் பொடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, வெந்நீரில் கலக்கிக் குடித்தால் ஈரல் கழுவினமாதிரி ஆகும் என்றாள். "நானே கழுவுறவதான். என்ன கழுவ இன்னொரு ஆளா?" என்று ஷரீஃபா அதை வாங்கிவைத்துவிட்டு, அவள் போனதும் சாக்கடையில் கொட்டினாள். எல்லாருக்கும் இப்படிச் சிரிப்பாகத்தான் பதில் வந்தது. டிரிப் ஏன் வேண்டாம் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

காரணம் இதுவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் தட்டியிருந்தது. ரவூபும் கெஞ்சினான்: "லாத்தா, நீங்க கேளுங்க. எங்கிட்ட சொல்லமாட்டா."

ஒரு மத்தியானம் அவன் சரக்குக் கொடுக்கப் போயிருந்தபோது போனேன். பர்ஸுக்கு உள்துணி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை வாடைக்குக் குமட்டுகிறது என்று மூக்கில் துணியைக் கட்டியிருந்தாள், ஆனாலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. துணியை இறக்கிவிட்டு அவளே சொன்னாள்.

"மைனி, நீங்களும்தான பாத்திய."

"எத?"

"தெரியாதமாதிரி கேக்காதிய. நீங்கதான தண்ணி ஊத்துனிய."

அவ்வளவுதான் சொன்னாள். என் கண்முன்னால் ஒவ்வொன்றாக வந்தது. யார் யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் இங்கே எழுதமாட்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கரிக்கோடு போட்டதுபோலக் கறுத்த நரம்பு. பிள்ளைத் தலைபோல மொட்டைத் தலை. நகக்கண்ணெல்லாம் கறுத்த விரல்கள். மாரில் நோய் வந்து, டிரிப் ஏற்றி, அப்புறம் எங்கள் பலகைக்கு வந்த பெண்கள். இத்தனை வருசத்தில் எத்தனையோ பேர்.

"டிரிப் போட்ட ஒருத்தியாவது தப்பிச்சாளா மைனி? நான் பாக்கல. அத்தன பேரையும் இந்தக் கையாலதான் கழுவி அனுப்புனேன். நோய் கொன்னுச்சா, அந்த மருந்து கொன்னுச்சான்னு யாருக்குத் தெரியும்? எனக்கு அந்தக் கருத்த நரம்போட போவ வேணாம்."

எனக்கும் மனசுக்குள் அந்த நினைப்புத்தான் கிடந்தது. பார்த்தது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர் கண்ணிலும் பட்டது அதுதான்.

"புள்ளகிட்ட இதச் சொல்லிரலாம்லா?"

"எப்படிச் சொல்ல? நகம் கருத்திருந்துச்சுன்னு சொன்னா, யாரு உம்மான்னு அவ கேப்பா. அவகூடப் படிச்ச புள்ளையோட உம்மாவும் அதுல உண்டு. அமானிதம் மைனி."

அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. பழைய காகிதத்தின் நிறம். டாக்டர் சொன்ன மஞ்சள் வந்துகொண்டிருக்கிறது, இவள் வேண்டாம் வேண்டாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறாள். நானோ வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

சந்தில் இறங்கி நடந்தால் ஷைஸ்தா குறுக்கே வந்து நின்றாள்.

"மாமி, உம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"பொய். உங்க மொகமே சொல்லுது. காரணம் உங்களுக்குத் தெரியும்."

"சொல்லப்படாதும்மா. அமானிதம்."

"உசுரு போவுது மாமி! கண்ணப் பாத்தியளா? செத்தவங்களுக்கு அமானிதம், இருக்கவங்களுக்கு ஒண்ணும் இல்லயா?"

நடுச்சந்தில் நின்று கத்தினாள். தோல் மூட்டை தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி சாப்பிட முடியவில்லை.

குறித்த நாள் வந்தது. காலையில் ரத்தம் எடுத்துக் கொடுத்தோம், மத்தியானம் முடிவு வந்தபிறகு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஷைஸ்தா ரிப்போர்ட் வாங்கும் இடத்தில் வரிசையில் நின்றாள். இந்தத் தடவை ரவூபையும் கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தாள். நானும் ஷரீஃபாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பேச்சைக் கேட்டு அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார், புருவம் இல்லாத இடத்தில் பென்சிலால் வரைந்திருந்தார்.

"தமிழா? அப்பாடா! காலைலேர்ந்து மராத்தியே கேட்டுக் காது வலிக்குது. கொஞ்சம் நகருங்க. நான் கோகிலவாணி. செம்பூர். டெலிபோன் ஆபீஸ்ல இருந்தேன்." உட்கார்ந்ததுமே ஷரீஃபாவிடம், "உங்களுக்கு எங்க?" என்று கேட்டார், ரேஷன் கடை எங்கே என்று கேட்பதுபோல.

"மாருல. இப்ப ஈரலு."

"எனக்கும் அதே ரூட்டுதான். மாரு, எலும்பு, ஈரல். ஒரு ஸ்டேஷன் விடல. இப்ப என்ன குடுக்கறாங்க, டிரிப்பா மாத்திரையா?"

"டிரிப்பு போடச் சொல்லுதாவ. நான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

யாரிடமும் சொல்லாத ஷரீஃபா, இந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொன்னாள். தெரியாதவர் என்பதால்தான் சொன்னாளோ என்னவோ. செம்பூர் அம்மாவுக்கு எங்கள் சந்தில் யாரைத் தெரியும்? "டிரிப் போட்டவ ஒருத்தி பொழச்சு நான் பாத்ததில்ல. அத்தன பேரையும் பாத்துட்டேன்."

"எங்க பாத்தீங்க?"

"நான் மையத்துக் குளிப்பாட்டுறவ. பொம்பள மையத்தெல்லாம் எங்கிட்டதான் வரும்."

கோகிலவாணி அவளை ஒரு நிமிசம் பார்த்தார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு, வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள்.

"அட ராமா! மாமி, உங்ககிட்ட வர்றவங்களே செத்தவங்கதானே! பொழச்சவ உங்க பலகைல வந்து எதுக்குப் படுக்கப்போறா? டிரெயினைக் கோட்டை விட்டுட்டு பிளாட்பாரத்துல நிக்கறவங்களை மட்டும் பாத்துட்டு, இந்தப் பம்பாய்ல ஒருத்தரும் டிரெயினே பிடிக்கறதில்லைன்னு சொல்றீங்களே!"

இத்தனை வருசம் தண்ணீர் ஊற்றியவள், எனக்கு இது தோன்றவில்லை. ஷரீஃபா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு டிரிப் கேட்டுச்சா?" என்றாள் கடைசியில்.

கோகிலவாணியும் சிரிப்பை நிறுத்தினார். "மொதல்ல போட்டது ஒரு வருஷத்துக்கு மேல பிடிச்சுது. பேத்திக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தேன், குருவாயூர் போய்ட்டு வந்தேன். அப்புறம் விட்டுடுச்சு. இது வேற மருந்து. பிடிக்குமான்னு அடுத்த ஸ்கேன்லதான் தெரியும். பொய் சொல்லமாட்டேன் மாமி, இது போகாது. இழுத்துக்கிட்டு ஓடறதுதான்."

"கை?"

அவர் விரல்களை நீட்டினார். "நுனி எல்லாம் பஞ்சு சுத்தி வச்சமாதிரி இருக்கும். ஜாக்கெட் ஊக்கு எங்க வீட்டுக்காரர்தான் மாட்டிவிடறார். நாப்பது வருஷத்துல இப்பதான் ஒழுங்கா மாட்டக் கத்துக்கிட்டார்." நர்ஸ் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்.

ஷரீஃபா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம், "மைனி, உங்களுக்குத்தான் ஒருத்தர விடாம எல்லாரு கதையும் தெரியும். ரொட்டிக்கட வீட்டம்மாவுக்கும் மாருலதான வந்துச்சு? டிரிப் போட்டாவளா?" என்றாள்.

"போட்டாவ. மொட்டத் தலையோட பெருநாளைக்கு வந்தாவளே."

"இப்ப எங்க?"

"மகன்கூட ஊருக்குப் போயிட்டாவ. போன பெருநாளைக்குப் போன் போட்டு எங்கிட்ட முட்டுவலின்னு ஒரு மணி நேரம் அழுதாவ."

"அப்ப உசுரோடதான் இருக்காவ."

"இருக்காவ. என் மச்சியோட மருமக கூட, குர்லாக்காரி. அவளுக்கும் போட்டாவ. இப்ப டியூசன் எடுக்கா."

அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். உறவு வழியாகப் போனால் எனக்கு ஞாபகம் வரும். இன்னார் மகள், இன்னார் கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு மூன்று பேர் தேறினார்கள். அவர்கள் யாரும் எங்கள் பலகைக்கு வரவில்லை, அதனால் எங்கள் கணக்கில் இல்லாமலே போய்விட்டார்கள். ஷரீஃபா கேட்டுக்கொண்டே வந்தவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும் மைனி. அவியளுக்கெல்லாம் ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சது. எனக்கு ஈரல்ல இருக்கு. அவியள வச்சு நான் ஏமாறவும் வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மருந்து கொல்லுதுன்னு நெனச்சது தப்பு. அத விட்டுருதேன்" என்றாள்.

ஷைஸ்தா ஓடிவந்தாள். காகிதத்தை அவள் எங்களிடம் காட்டவில்லை, நேராக டாக்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஷரீஃபாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் ஏறியிருக்கிறது. முழு அளவில் டிரிப் இனிக் கொடுக்க முடியாது. குறைத்துக் கொடுக்கலாம், அதுவும் இந்த வாரமே ஆரம்பித்தால். இன்னொரு வாரம் போனால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"என்ன முடிவு பண்ணினீர்கள்?"

ரவூப் சுவரோரம் நின்றான். ஷைஸ்தா உம்மாவின் வாயையே பார்த்தாள். ஷரீஃபா தன் இந்தியில், நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"டிரிப் போடுங்க. ஆனா எனக்கு மூணு பேச்சு இருக்கு. மூணு மாசத்துல படம் எடுத்துப் பாக்கணும். ஈரல்ல கொறையலன்னா நிறுத்திரணும், இன்னொண்ணு இன்னொண்ணுன்னு ஏத்தப்படாது. அப்ப வலிக்கு மட்டும் மருந்து போதும். எது வந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லணும், எம்மககிட்ட இல்ல."

"சரி" என்றார் டாக்டர். "நடுவில் எப்போது போதும் என்று தோன்றினாலும் சொல்லலாம். அதையும் எழுதிவைக்கிறேன்."

"நிறுத்திரணும்னா என்னம்மா அர்த்தம்?" ஷைஸ்தா அழ ஆரம்பித்தாள். "போடச் சொன்னா அதுலயும் ஒரு நிறுத்தம் வச்சுக்கிட்டுத்தான் வருவியா?"

"நிறுத்தம் இல்லாத வண்டில நான் எப்படிட்டி ஏறுவேன்?" என்றாள் ஷரீஃபா. மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். "நீ அன்னைக்கி சரியாயிரும்னு சொன்னேல்லா, எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. இனிமே எனக்குப் பொய் சொல்லாத. உனக்குச் சொல்ல வரவும் இல்ல."

அந்த வாரமே முதல் டிரிப். இடது புறங்கையில் நர்ஸ் நரம்பைத் தட்டித் தட்டித் தேடினாள். ஊசி ஏறும்போது ஷரீஃபா என்னைப் பார்த்தாள். அதுவரை இரண்டு பேரும் அந்த நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்து சொட்டுச்சொட்டாக இறங்கியது. ரவூப் இந்தமுறை உள்ளேதான் இருந்தான், பெண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு. "விடுங்க, கூசுது. ஆளுவ பாக்குதாவ" என்றாள். அவன் விடவில்லை.

முதல் சில வாரங்கள் மோசம். ஒருதடவை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மஞ்சள் இறங்குமோ ஏறுமோ என்று ஷைஸ்தா விடிந்ததும் உம்மாவை ஜன்னல்பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்ப்பாள். மெல்லத்தான் வெளுத்தது. தாராவி வீட்டில் ஏணி ஏறித்தான் படுக்க வேண்டும், அது முடியவில்லை. தன் வீட்டில் லிப்ட் இருக்கிறது என்று ஷைஸ்தா அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ரவூப் பகலில் தாராவியில் வேலை, சாயங்காலம் அங்கே போய்விடுவான். எங்கள் சந்தில் யாராவது மவுத்தானால் இப்போது சயானிலிருந்து வேறொருத்தி வருகிறாள். நான் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மூன்று மாதத்துப் படம் எடுத்தாகிவிட்டது. டாக்டர் சொன்ன சொல் தவறாமல் ஷரீஃபாவைப் பார்த்துத்தான் சொன்னார். ஈரலில் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. இன்னும் மூன்று மாதம் போடலாம், அப்புறம் மறுபடி பார்க்கலாம். ஷரீஃபா சரி என்றாள்.

ஷரீஃபுன்னிசா இப்போது தேவ்நாரில் மகள் வீட்டில் இருக்கிறாள். விரல் நுனி மரத்திருக்கிறது, இரண்டு வேளை சாப்பிடுகிறாள், வாரத்துக்கு ஒரு நாள் பரேலுக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்டு வருகிறாள்.